இரட்டைத் தலைத் தாடை

காதுத் துளைக்கு நேர் முன்பாக, கன்னத்தின்மேல் சுட்டுவிரலை மெல்ல வைத்துக்கொண்டு, வாயை ஒரு முறை நன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ ஒன்று உருண்டு முன்னே நழுவுவதையும், வாயை மூடும்போது மீண்டும் பின்னே சென்று ஒடுங்குவதையும் உணர்வீர்கள். சிலருக்குச் சொடுக்கு விட்டாற்போல் ஓர் ஒலியும் கேட்கும். வலி இல்லாத வரையில் அவ்வொலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. அங்கே உருள்வதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. மிகச் சிலரிடம் அத்தலை ஒன்றாக இராமல் இரண்டாகப் பிளந்திருப்பதுண்டு. அவ்விந்தையைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

கீழ்த்தாடை, லாடம்போல வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் காதோரமாக மேலெழுந்து, குறுகிய கழுத்தாகி, உச்சியில் ஒரு தலையாகப் பருக்கின்றன. அத்தலைக்கு ஓர் உவமை கூற வேண்டுமானால், பருத்த பேரீச்சங்கொட்டை ஒன்றைக் குறுக்கே படுக்க வைத்தாற்போல் இருக்கும் என்பேன். இடம் வலமாக அதன் அகலம் 15 முதல் 20 மில்லிமீட்டர். முன் பின்னாக அதில் ஏறக்குறையப் பாதி. இவ்வுவமையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மறுபடியும் தேவைப்படும்.

இத்தலை பொருந்தும் குழி, மண்டையோட்டின் பக்கத்தில் உள்ள பொட்டெலும்பில் அமைந்திருக்கிறது. தலைக்கும் குழிக்கும் இடையே நாரிழைகளாலான ஒரு மெல்லிய தட்டு உண்டு. அது மூட்டை மேலறை, கீழறை என இரண்டாகப் பிரிக்கிறது. வாயைச் சிறிது திறக்கும்போது தலை கீழறையில் சுழல்கிறது. மேலும் அகலத் திறக்கும்போது தட்டும் தலையும் சேர்ந்து மேலறையில் முன்னோக்கி வழுக்குகின்றன. முழங்கை மூட்டு கதவின் கீலைப்போல மடங்கி நிமிர்கிறது. தாடை மூட்டோ கீலாகவும் இருக்கிறது, மேசையின் இழுப்பறையாகவும் இருக்கிறது. அதுவும் போதாதென்று, வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகளாதலால், ஒன்று அசைந்தால் மற்றொன்று அசையாதிருக்க இயலாது. ஒன்றில் கோளாறு நேர்ந்தால் மற்றதும் அதன் பயனை நுகர்ந்தே தீரும்.

இம்மூட்டு காதுக்கு அண்டை வீடாக இருப்பதற்குப் பின்னே ஒரு பழங்கதை உண்டு. ஊர்வனவற்றின் தாடை மூட்டு வேறிரண்டு எலும்புகளால் ஆனது. பாலூட்டிகளின் பரம்பரையில் அவ்விரு எலும்புகளும் படிப்படியாகச் சிறுத்து, நடுச்செவிக்குள் புகுந்து, ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளாயின. தாடைக்கோ புதியதொரு மூட்டு தோன்றிற்று. அப்புதிய மூட்டைத்தான் நீங்கள் இப்போது விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். தலை பிளந்திருப்பதைக் கண்டு அதனைப் பழைய மூதாதையரின் எச்சம் என்று கருதிவிடாதீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இரட்டைத் தலையை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர் அலெஷ் ஹர்ட்லிச்கா. 1869-இல் பொஹீமியா நாட்டில் பிறந்து, இளமையில் அமெரிக்காவில் குடியேறி, மருத்துவம் கற்று, பின்னர் மனித உடலமைப்பு ஆராய்ச்சியில் புகுந்தவர். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் எலும்புத் தொகுதியின் பொறுப்பாளராக இருந்தார். அத்தொகுதியில் இருந்த தாடைகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்து, தலை இரண்டாகப் பிளந்திருந்த 21 எடுத்துக்காட்டுகளை 1941-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அவருடைய உழைப்பைப் பாராட்டும்போதே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சேர்த்த எலும்புகள் எல்லாம் இசைவு பெற்றுச் சேர்த்தவை அல்ல. அலாஸ்காவின் கோடியாக் தீவில் லார்சன் பே என்னும் சிற்றூரில், 1930-களில் அவர் பழங்குடியினரின் மூதாதையரை இடுகாட்டிலிருந்து தோண்டி எடுத்துச் சென்றார். அவ்வூர் மக்கள் விடாது கேட்டதன் பேரில், 1991-இல் அவ்வெலும்புகள் திருப்பி அனுப்பப்பெற்று மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. உடற்கூறு பயிலும் மாணவர் எவரும் தாம் கையில் ஏந்தும் எலும்பு ஒருகாலத்தில் யாருடையது என்று ஒரு கணம் எண்ணுவது நல்லது என்பது என் கருத்து.

எலும்பு வடிவத்தைக் காட்டும், வரலாற்றைக் கூறாது. அந்த 21 தாடைகளுக்கும் உரியவர்கள் வாயை நன்றாகத் திறந்தார்களா, உணவை மெல்லும்போது வலியால் துன்புற்றார்களா, சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்தார்களா என்று யாரைக் கேட்பது? உயிரோடு இருப்பவரின் தாடைக்குள் பார்வை புக வேண்டும். ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். ஆயினும் தாடை மூட்டு அக்கதிர்களுக்கு எளிதில் பிடிபடவில்லை. மூட்டின் அருகிலேயே, உட்செவியைப் பொதிந்து வைத்திருக்கும் பாறைபோன்ற கெட்டி எலும்பு நிற்கிறது. பக்கவாட்டில் படம் எடுத்தால் அதன் நிழலும் மறுபக்கத்து மூட்டின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

இத்தொல்லையைப் பெரிதும் நீக்கியவர் பின்லாந்து நாட்டின் பல் மருத்துவர் இர்யோ பாட்டெரோ. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வளைந்த தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் முறையை அவர் உருவாக்கினார். இன்று பல் மருத்துவமனைகளில் ஓ.பி.ஜி. என்று சொல்கிறார்களே, அந்தப் படம்தான். நோயாளி அசையாமல் கால் நிமிடம் நின்றால் போதும். எல்லாப் பற்களும் இரு தாடை மூட்டுகளும் ஒரு சேரத் தெரியும். இதன் பயனாக எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஞானப்பல் வலிக்காகவோ, பற்களைச் சீராக்கக் கம்பி கட்டுவதற்காகவோ எடுத்த படங்களின் மேல் மூலையில், யாரும் தேடாத இரட்டைத் தலைகள் தென்படலாயின.

பல் மருத்துவ மாணவர்களுக்கு இப்படங்களைப் படிக்கக் கற்பிப்பவன் என்ற முறையில், இரு ஆராய்ச்சிகளின் எண்களை நான் அடிக்கடி அவர்கள் முன் வைப்பதுண்டு. பிரேசில் நாட்டில் 50,080 ஓ.பி.ஜி. படங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், இரட்டைத் தலை உடையவர்கள் 9 பேர். துருக்கியில் 10,200 பேரின் படங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் 32 பேர். முன்னதன்படி ஏறத்தாழ 5,560 பேருக்கு ஒருவர். பின்னதன்படி ஏறத்தாழ 320 பேருக்கு ஒருவர். பதினேழு மடங்கு வேறுபாடு! துருக்கியரின் தாடை பிரேசில் மக்களின் தாடையினின்றும் அத்துணை வேறானதா? மாணவர்கள் உடனே இனம், உணவு, பழக்கம் என்று காரணங்களை அடுக்கத் தொடங்குவார்கள். அவற்றை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய எளிய கேள்விகள் உள்ளன. எவ்வளவு ஆழமான பள்ளத்தைப் ‘பிளவு’ என்று எண்ணினார்கள்? உச்சியில் ஒரு சிறு சொட்டை இருந்தாலே கணக்கில் சேர்த்தார்களா, அன்றி இரு தலைகளும் தெளிவாகப் பிரிந்திருந்தால் மட்டும் சேர்த்தார்களா? படம் எடுக்க வந்தவர்கள் யார்? இவற்றுக்கு விடை வேறுபட்டால் எண்ணும் வேறுபடும். எண்ணைப் படிக்கு முன் அளவுகோலைப் படிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

அளவுகோல் ஒருபுறம் இருக்க, ஓ.பி.ஜி. படமே கண்ணை ஏமாற்றக்கூடியது. இப்போது நம் பேரீச்சங்கொட்டைக்கு வருவோம். குறுக்கே கிடக்கும் அக்கொட்டையின் நீளவாக்கில் ஆழமாகக் கோடு கிழித்தால், முன்னே ஒரு பாதியும் பின்னே ஒரு பாதியும் கிடைக்கும். நடுவில் குறுக்காக வெட்டினால், உள்ளே ஒரு பாதியும் வெளியே ஒரு பாதியும் கிடைக்கும். தாடைத் தலையும் இவ்விரு வகையாகவும் பிளக்கிறது. முன் பின்னாகப் பிரிந்த தலைகள் ஓ.பி.ஜி. படத்தில், சீட்டுக்கட்டின் ஆட்டின் குறியைப்போல மேற்புறம் பிளந்து அழகாகத் தெரியும். உள்ளும் வெளியுமாகப் பிரிந்தவையோ ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளிந்துகொள்ளக்கூடும். ஒரே தலையின் மேல் உள்ள சிறு குழிவு, படத்தின் சாய்வினால் இரு தலைபோலத் தோன்றுவதும் உண்டு.

இந்த ஐயத்தைத் தீர்ப்பது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த அக்கருவியில் 1971 அக்டோபர் முதல் நாளன்று முதல் நோயாளி பரிசோதிக்கப்பட்டார்; 1979-இல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதுபோல, தலையை எந்தத் திசையிலும் வெட்டிப் பார்த்துப் பள்ளத்தின் ஆழத்தை அளந்துவிடலாம். எலும்பைக் காட்டுவதில் சி.டி.க்கு நிகரில்லை; இடையிலுள்ள நார்த்தட்டு எங்கே இருக்கிறது, கிழிந்ததா நழுவியதா என்று அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும்.

சரி, தலை ஏன் பிளக்கிறது? இதற்கு இரு விடைகள் போட்டியிடுகின்றன. முதலாவது, பிறவியிலேயே அமைந்தது என்பது. கருவில் தாடைத் தலை முதலில் குருத்தெலும்பாகவே தோன்றுகிறது. வளரும் அக்குருத்தெலும்பின் ஊடே, இரத்தக் குழாய்கள் நிறைந்த நார்த் திரைகள் சில புகுந்து நிற்கின்றன. வளர்ச்சியின் போக்கில் அவை மறைந்துபோக வேண்டும். அவற்றுள் ஒன்று மறையாமல் நின்றுவிட்டால், ஆற்றின் நடுவே திட்டு நின்று நீரை இரு கிளையாகப் பிரிப்பதுபோல, எலும்பு அதன் இருபுறமும் வளர்ந்து இரு தலையாகிவிடும் என்று 1957-இல் பிளாக்வுட் கருதினார். இரண்டாவது விடை, அடிபட்டதால் நேர்ந்தது என்பது. குழந்தைப் பருவத்தில் தலை நீளவாக்கில் முறிந்து, ஒரு துண்டு விலகி ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள, எஞ்சிய பகுதி தன்னிடத்தில் வளர, ஈற்றில் இரு தலைகள் ஆகின்றன. குரங்குகளின் தாடைத் தலையை அறுவையால் நீக்கிய பின்பு, சிலவற்றில் புதிதாக வளர்ந்த தலை இரட்டையாக இருந்ததை 1972-இல் பாஸ்வில்லோ எழுதினார். ஆகவே பிறந்த பின்னும் இரட்டைத் தலை உண்டாகக்கூடும் என்பதில் ஐயமில்லை.

முன் பின்னாகப் பிளந்திருந்தால் அடிபட்டது, உள்ளும் வெளியுமாகப் பிளந்திருந்தால் பிறவி என்று ஒரு வாய்பாடும் சிலர் கூறினர். வாய்பாடுகள் தேர்வுக்கு வசதியானவை. உடல் அவற்றை மதிப்பதில்லை. அடிபட்டவரிடமும் உள்-வெளிப் பிளவு காணப்படுகிறது. இரண்டு விடைகளும் உண்மையே, ஒவ்வொருவரிடம் ஒவ்வொன்று உண்மை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நோயாளியின் கதையைக் கேளாமல் படத்தை மட்டும் கொண்டு காரணம் கூறத் துணிதல் கூடாது.

காரணத்தை ஆராய்வது வெறும் அறிவு விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மாதிரியான இரு படங்களை மேசைமேல் வைத்ததாகக் கொள்வோம். ஒன்று, ஞானப்பல் வலிக்காக வந்த கல்லூரி மாணவனுடையது. அவன் வாய் தாராளமாகத் திறக்கிறது, மெல்வதில் இடரில்லை, தாடையில் ஏதும் வேறுபாடு உண்டு என்று அவனுக்கு அன்று வரை தெரியாது. மற்றொன்று, எட்டு வயதுச் சிறுமியினுடையது. அவள் வாய்க்குள் ஒரு கரண்டி நுழைவதே அரிதாக இருக்கிறது. இரண்டு படங்களிலும் தலை பிளந்தே இருக்கிறது.

சிறுமியை முதலில் பார்ப்போம். அவள் முகவாயைச் சற்று நிமிர்த்தினால், அடியில் ஒரு பழைய தழும்பு இருக்கக் காணலாம். மூன்று வயதில் திண்ணையிலிருந்தோ படியிலிருந்தோ முகங்குப்புற விழுந்திருப்பாள். முகவாயில் பட்ட அடி அங்கே நிற்பதில்லை. தாடையின் வளைவு வழியே மேலேறி, இரு முனைகளிலும் உள்ள தலைகளில் சென்று மோதுகிறது. சிறு குழந்தையின் தாடைத் தலை குட்டையான தடித்த கழுத்தின்மேல் அமைந்து, இரத்தக் குழாய்கள் மிகுந்து, மென்மையாக இருக்கும். ஆதலால் கழுத்து முறிவதற்குப் பதில் தலையே நசுங்கிப் பிளந்து, மூட்டுக்குள் இரத்தம் கசியும். வெளியே தெரிவதோ முகவாயில் சிறு காயம். இரண்டு தையல் போட்டு, குழந்தை அழுகையை நிறுத்தியதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். வாயைத் திறந்தால் வலிக்கிறது என்று குழந்தை திறவாமலே இருக்கிறது. கஞ்சியும் பாலும் கொடுக்கிறார்கள். அசையாத மூட்டில், உறைந்த இரத்தம் மெல்ல நாராகி, நார் எலும்பாகி, தாடைத் தலையைக் குழியோடு பிணைத்துவிடுகிறது. விலகிய துண்டு ஒரு தலையாகத் தனித்து நிற்க, மற்ற பகுதி மண்டையோட்டோடு ஒன்றிவிட்ட காட்சியைச் சி.டி. படங்களில் கண்டு நான் பலமுறை திகைத்திருக்கிறேன்.

மூட்டு இறுகினால் வாய் திறவாமை மட்டுமே துன்பம் என்பதில்லை. தாடையின் வளர்ச்சிக்கு அத்தலையும் அதன் அசைவும் பெரிதும் துணை. அவை கெட்டால் கீழ்த்தாடை வளராது. ஒருபுற மூட்டு மட்டும் இறுகினால் முகவாய் அப்பக்கமே கோணும். இருபுறமும் இறுகினால் முகவாய் உள்வாங்கி, முகம் பறவையின் முகம் போலாகிவிடும். நாக்குக்குப் போதிய இடமின்றி அது தொண்டைப் பக்கம் சரிவதால், உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டாகும். பற்களைத் துலக்க முடியாது. சொத்தை பற்றினால் மருத்துவராலும் உள்ளே எட்ட இயலாது. அறுவை செய்ய மயக்க மருந்து கொடுப்பதே ஒரு பெரிய வேலை: வாய் திறவாதாகையால், வளையும் குழல்நோக்கியின் துணையோடு மூக்கு வழியே மூச்சுக்குழாயைச் செலுத்த வேண்டும். பின்பு இறுகிய எலும்பை வெட்டி நீக்கி, மீண்டும் ஒட்டாதவாறு தசையையோ கொழுப்பையோ இடையில் வைக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு விலா எலும்பின் நுனியைக் குருத்தெலும்போடு எடுத்துப் புதிய தலையாகப் பொருத்துவதும் உண்டு. அதன் பிறகு மாதக்கணக்கில் நாள்தோறும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி. வலிக்கிறது என்று குழந்தை அழ, இரக்கத்தால் பெற்றோர் பயிற்சியை விட்டுவிட்டால், மூட்டு மறுபடியும் இறுகும்.

நம் நாட்டில் இவ்வகை இறுக்கத்துக்குத் தலையாய காரணம் குழந்தைப் பருவத்தில் பட்ட அடியே. ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் அறுவையே வேண்டியதில்லை: சில நாட்கள் மென்மையான உணவு, வலிக்கு மருந்து, பிறகு தயங்காமல் வாயைத் திறந்து பழக்குதல். வாயைக் கட்டி நெடுநாள் அசையாமல் வைப்பதுதான் கேடு. வீட்டில் தம்பி தங்கையர் முகவாய் தரையில் பட விழுந்தால் நீங்களே பார்க்கத்தக்க அளவு ஒன்று உண்டு. இயல்பான வாயில், ஒருவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையே நுழைக்கலாம். அவரவர் விரல், அவரவர் வாய். அடிபட்ட குழந்தைக்கு இரண்டு விரலே நுழைகிறது, வாரங்கள் சென்றும் கூடவில்லை, குறைந்துகொண்டே வருகிறது என்றால், காயம் ஆறிவிட்டது என்று இருந்துவிடாமல் மூட்டைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லூரி மாணவனுக்கு வருவோம். அவனுடைய சி.டி. படத்தில் இரு தலைகளின் மேற்பரப்பும் வழுவழுப்பாக, கெட்டியான விளிம்போடு இருக்கின்றன. மேலேயுள்ள குழியும் அவற்றுக்கேற்ப அகன்று இடங்கொடுத்திருக்கிறது. தலையும் குழியும் நெடுங்காலமாக ஒத்து வாழ்ந்ததற்கு இதுவே சான்று. படத்தில் பிளவு கண்டதால் மட்டும் அவன் நோயாளி ஆகிவிட மாட்டான். ஆயினும் இங்கே வேறொரு தீங்கு காத்திருக்கிறது. ‘உன் தாடை பிளந்திருக்கிறது’ என்று யாரேனும் அவசரமாகச் சொல்லிவிட்டால், அன்று முதல் அவன் ஒவ்வொரு கவளத்தையும் அஞ்சி அஞ்சி மெல்லத் தொடங்குவான். இல்லாத வலியும் வந்து சேரும். வலியோ தடையோ இல்லாத இரட்டைத் தலைக்கு மருத்துவம் தேவையில்லை. பின்னாளில் மூட்டு வலித்தாலும், மற்றவர்களுக்கு வரும் மூட்டு வலியைப்போலவே ஓய்வு, மருந்து, பற்களின்மேல் பொருத்தும் தகடு என்று எளிய வழிகளில் தொடங்கலாம். கத்தியை எடுக்க வேண்டுவது அரிது.

அவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒன்று மட்டும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து அவன் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து, முகவாயில் அடிபட்டு, முன்பின் அறியாத ஊரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படலாம். அங்கே நள்ளிரவில் படத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் பழைய பிளவு புதிய முறிவுபோலவே தோன்றும். வழுவழுப்பான விளிம்பையும் கூர்மையான முறிவையும் பிரித்தறிய அவருக்கு நேரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதனால், இத்தகைய படம் ஒன்று கண்ணில் படும்போதெல்லாம், அதன் படி ஒன்றை நோயாளியிடமே கொடுத்து, இடது தலையா வலது தலையா, எந்த ஆண்டு எடுத்தது என்பவற்றை அதன் ஓரத்திலே எழுதி, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்புவது என் வழக்கம்.